வளர்ந்தோர் வட்டத்தில் ஒரு வேண்டுகோள்

எங்கள் ஊர் வானொலி நிலையம் மனிதர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது: சிறுவர், வளர்ந்தோர். சிறுவர்களுக்கு மாலையில் பாட்டும் கதையும் உண்டு. அது முடிந்ததும் ஒரு மணியோசை வரும். அதன் பிறகு வளர்ந்தோருக்கு அரை மணி நேரம் அறிவுரை. எந்த வயதில் பாட்டை விட்டுவிட்டு அறிவுரைக்கு மாற வேண்டும் என்று நிலையம் சொல்லவில்லை. மணியோசை கேட்டதும் யாரெல்லாம் பெருமூச்சு விடுகிறார்களோ அவர்கள் வளர்ந்தோர் என்று நாங்களே புரிந்துகொண்டோம்.

டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது கௌரவமாக இருந்த காலம் அது. நிகழ்ச்சியின் பெயர் 'வளர்ந்தோர் வட்டம்'. தேய்ந்த செருப்பைப் பேணுவது எப்படி, கோபத்தை அடக்கும் வழிகள், கொதித்த நீரின் மேன்மை, உரக்குழியும் நாமும் என்று ஒவ்வொரு நாளும் ஒருவர் பேசுவார். யார் பேசினாலும் ஒரே குரலாகத்தான் இருக்கும். காரணம், யார் வந்து பேசினாலும் அதை எழுதி வாங்கிக்கொண்டு, அவரை அனுப்பிவிட்டு, நிலையத்தின் அறிவிப்பாளரே படித்துவிடுவார். அவருக்குப் பொன்குரல் என்று பெயர். அந்தக் குரலைக் காப்பாற்றுவதற்காக அவர் வீட்டில் வாயைத் திறப்பதில்லை என்றும், சோறு வேண்டுமென்றால் தட்டில் கரண்டியால் தட்டுவார் என்றும் சொல்வார்கள். அவர் மனைவி இதை மறுக்கவில்லை. அந்த அம்மாவை யாரும் கேட்கவும் இல்லை.

நிகழ்ச்சியின் முடிவில் தினமும் ஒரு வாசகம் வரும். "நேயர்களே, உங்கள் கருத்துகளை நேரிலும் வந்து தெரிவிக்கலாம். எங்கள் கதவுகள் உங்களுக்காக எப்போதும் திறந்தே இருக்கின்றன." ஊரில் ஒருவரும் இதைப் பொருட்படுத்தியதில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

அவரைத் தெருவில் ரேடியோக்காரர் என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டர் அறை வாசலில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு முனகினாலும் சரி, "பேர் கூப்பிட்டா வாங்க. கூப்பிடாம எழுந்து வராதீங்க" என்பதுதான் அவர் சொல்கிற பதில். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த முறை போயிற்று, மறுபடி கடைசியிலிருந்து வர வேண்டும். இரக்கமில்லாதவர் என்று பலர் திட்டியிருக்கிறார்கள். ஆனால் பணக்காரர் ஒருவரையும் அவர் முறை தாண்டி உள்ளே விட்டதில்லை. அதற்காகவும் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு உத்தரவு போட ஆள் இல்லாமல் போனது. அந்த இடத்தை வளர்ந்தோர் வட்டம் எடுத்துக்கொண்டது. உணவை நன்றாக மென்று விழுங்குங்கள் என்று சொன்னார்கள்; அவர் காலைச் சாப்பாட்டை மதியம் வரை மென்றார். குறைவாகப் பேசுவது மனத்துக்கு நல்லது என்றார்கள்; ஒரு வாரம் பேசவே இல்லை. வயது ஏற ஏற நினைவு தப்பத் தொடங்கியது. சாப்பிட்டாரா, குளித்தாரா, சொந்தத் தெரு எது என்பதெல்லாம் குழம்பியது. ஆனால் வளர்ந்தோர் வட்டம் வருகிற ஆறரை மணி மட்டும் குழம்பவில்லை. டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். நடுவில் யாராவது தும்மினால் முறைப்பார்.

அவருக்கு ஒரே மகள். ரெடிமேட் சட்டைக் கடையில் காஜா எடுக்கிறவள். ஒரு சட்டைக்கு ஏழெட்டுப் பொத்தான் துளை. துளையைச் சுற்றி நூல் கட்டிக் கட்டி விரல் நுனி மரத்துப் போயிருந்தது. அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் எங்கே இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பு. மகள் வீடு திரும்பும்போது வளர்ந்தோர் வட்டம் முடிந்திருக்கும். "இன்னைக்கு என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்பாள். அவர் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பார். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று தோன்றும். அதற்காகவே அவள் தினமும் கேட்டாள். அவர் ஒப்பிக்கும்போது அவள் பாதியில் அடுப்படிக்குப் போய்விடுவாள், அதனால் கடைசி வாசகத்தை அவள் கேட்டதே இல்லை.

ஒரு நாள் அவள் வந்தபோது அப்பா இல்லை. ஆணியில் தொங்கிய நல்ல சட்டை இல்லை. டிரான்சிஸ்டரும் இல்லை.

"இப்பத்தான்டி இங்க உக்காந்திருந்தார்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "கொடியில துணி எடுக்கப் போனேன். வந்து பாத்தா ஆளக் காணோம். எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றாள் மகள். ஆனால் கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். ஆஸ்பத்திரியின் பழைய பெஞ்சில் பார்த்தார்கள். மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, ஆற்றுப் பாலம் எல்லாம் பார்த்தார்கள். மறுநாள் காலை காவல் நிலையத்தில் சொன்னபோது அங்கிருந்தவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "பெரியவர் கையில ரேடியோ இருக்குங்கறீங்க. அப்ப ரேடியோவுலயே சொல்லச் சொல்லுங்களேன்" என்றார். தன் வேலையைத் தள்ளிவிடுவதற்காகச் சொன்னதுதான். ஆனாலும் அதில் விஷயம் இருந்தது. அப்பா எந்தச் சந்தில் இருந்தாலும் ஆறரை மணிக்குக் கேட்பார். ரேடியோ சொன்னால் செய்வார். அவர் பெயரைச் சொல்லி, இருக்கிற இடத்திலேயே இருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அனுப்புங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளுக்கு உயிர் வந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினாள்.

வானொலி நிலையத்துக்கு இரண்டு வாசல். முன்வாசல் பெரிய தெருவில், கலைஞர்களுக்கும் அதிகாரிகளுக்கும். பொதுமக்கள் பின்சந்து வழியாக வர வேண்டும். சந்து நீளமானது, சாக்கடை ஒன்றும் கூடவே வரும். திறந்தே இருக்கும் என்று பொன்குரல் தினமும் சொல்கிற கதவு எது என்று அங்கே நின்று பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. பின்வாசல் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதற்குள் காவல்காரர் இருந்தார்.

"அண்ணே, வயசான ஒருத்தர், வெள்ளைச் சட்டை, கையில டிரான்சிஸ்டர். இங்க வந்தாரா?"

"இந்த வாசலுக்கு யாரும் வரலம்மா."

"வேற வாசலுக்கு?"

"அது வேற காவல்காரர். அவர் நிர்வாகப் பிரிவு, நான் நிகழ்ச்சிப் பிரிவு. நாங்க பேசிக்கறதில்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. வானம் மேகமாக இருக்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

உள்ளே போக அனுமதி கிடைக்க மதியமாயிற்று. முதலில் மொழி அதிகாரி. சன்னமான மனிதர், மேசையில் சிவப்புப் பென்சில்களைக் கூர் பார்த்து அடுக்கி வைத்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள்.

"எங்க அப்பாவைக் காணோம் சார். பேரைச் சொல்லி, 'இருக்கிற இடத்துலயே இருங்க, உங்க பொண்ணு வந்து கூட்டிட்டுப் போவா'ன்னு சொன்னாப் போதும். கேட்டுக்குவார்."

"அப்பாங்கறது சிறுவர் நிகழ்ச்சியில வர்ற சொல்லும்மா" என்றார் அவர். "வளர்ந்தோர் வட்டத்துல அப்பா கிடையாது."

"பின்ன என்ன சார் சொல்லுவீங்க?"

"தந்தையார்." பென்சிலை உதட்டில் வைத்து யோசித்தார். "அதுலயும் உணர்ச்சி கொஞ்சம் தூக்கலா இருக்கு. மூத்த நேயர்னு போட்டுக்கலாம். அப்புறம் இந்த 'காணோம்'. காணோம்னா கேக்கறவங்களுக்குப் படபடப்பு வரும். 'இல்லம் நீங்கியுள்ளார்'. பாருங்க, எவ்வளவு கண்ணியமா இருக்கு. துறவி மாதிரி."

"சரி சார். இருக்கிற இடத்துலயே இருக்கணும்னு மட்டும்..."

"அது கட்டளை. நேயருக்கு நாம கட்டளை போடறதில்ல, வழிகாட்டறோம். 'இல்லம் திரும்புதல் நன்று'."

"அவருக்கு வீட்டுக்கு வழி தெரியாது சார். தெரிஞ்சா வந்திருப்பாரே."

மொழி அதிகாரி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இந்த வாரத் தலைப்பு சிக்கனம். கடைசியில சிக்கனத்தைப் பத்தி ஒரு வரி வந்தாகணும். அதை நான் பாத்துக்கறேன்" என்றார். உதவி செய்கிறவரின் நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

அடுத்தது இயக்குநர். அவர் அறையின் சுவரெல்லாம் மெத்தை தைத்திருந்தார்கள். உள்ளே பேசினால் வெளியே கேட்காது; வெளியே பேசினால் உள்ளே கேட்காது. இந்த ஊரில் இவ்வளவு பொருத்தமாகக் கட்டப்பட்ட அறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மொழி அதிகாரி திருத்திக் கொடுத்த தாளை இயக்குநர் படித்துவிட்டு, அவள் எழுதிக் கொடுத்திருந்த பெயரின்மேல் ஒரு கோடு போட்டார்.

"உயிரோட இருக்கிறவங்க பேரை நாங்க ஒலிபரப்பறதில்லம்மா. ஏன்னு கேளுங்க."

அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"முன்னாடி ஒரு தடவை சிறந்த உழவர்னு ஒருத்தரைப் பேர் சொல்லிப் பாராட்டினோம். அடுத்த வாரமே அந்த ஆளை மாடு திருடினதுக்குப் பிடிச்சிட்டாங்க. திருடனைப் பாராட்டின நிலையம்னு மேலிடத்துலேர்ந்து கேள்வி. அன்னைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். உயிரோட இருக்கிறவன் நாளைக்கு என்ன செய்வான்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கு நல்லவனா இருப்பான், நாளைக்குக் கெட்டுப் போவான். செத்தவங்க அப்படி இல்ல. நம்பலாம். அதனால இரங்கல் செய்தியில மட்டும் முழுப்பேர், ஊர், பாத்த வேலை எல்லாம் சொல்லலாம். அதுல நாங்க தாராளம்."

"எங்க அப்பா எதையும் திருட மாட்டார் சார்."

"எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் சொல்றாங்க."

"பேரைச் சொல்லலன்னா, அவரைத்தான் சொல்றாங்கன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்? அவர் ஆஸ்பத்திரியில பேர் கூப்பிட்ட மனுஷன். பேர் கூப்பிடலன்னா எழுந்து வர மாட்டார்."

"பண்பட்ட நேயருக்குப் புரியும்" என்றார் இயக்குநர். "எங்க நேயர்களைப் பண்படுத்தறதுக்குத்தானே நாங்க இத்தனை வருஷமா உழைக்கறோம்? உங்க தந்தையார் எங்க நிகழ்ச்சியைத் தவறாம கேட்டவர்னா, நிச்சயம் புரியும். புரியலன்னா அவர் சரியாக் கேக்கலன்னு அர்த்தம்."

அவளுக்கு அழுகை வந்தது. மெத்தைச் சுவர்களுக்கு நடுவே அழுதால் யாருக்கும் கேட்காது என்பதால் அழாமல் இருந்தாள். "சரி சார், அப்படியே சொல்லுங்க. இன்னைக்கே சொல்லிடுங்க. மழை வரும்போல இருக்கு" என்றாள்.

"இன்னைக்கா?" இயக்குநர் சிரித்தார். "இன்னைக்கு ஆறரை மணிக்கு வர்ற நிகழ்ச்சியை நாங்க போன மாசமே பதிவு பண்ணிட்டோம். நேரடி ஒலிபரப்புன்னு சொல்றோமே தவிர, நேரடியாப் பேசினாத் தப்பு வரும். நாளைக்கு வாங்க. உங்களுக்காக நாளைக்கே பண்றோம். இப்படி அவசரமா நாங்க யாருக்கும் செஞ்சதில்ல."

அன்று மாலை அவள் வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவின் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய சோப்புத் துண்டுகளை ஒன்றாக்கிப் புதுச் சோப்புச் செய்வது எப்படி என்று பொன்குரல் சொல்லிக்கொண்டிருந்தார். இதே குரலை இதே நொடியில் அப்பாவும் எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. அந்த எண்ணம் ஆறுதலாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது. நிகழ்ச்சி முடியுமுன் எழுந்து தேடப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் பதிவு. பொன்குரல் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார். அவளை எதிரே உட்கார வைத்து, "உங்க வாக்கியத்தை உங்க பாணியில ஒரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேட்டார்.

அவள் நம்பிக்கையோடு சொன்னாள். "அப்பா, நீங்க எங்கப்பா இருக்கீங்க? அப்படியே இருங்கப்பா, நான் வந்துடறேன்."

பொன்குரல் கண்ணை மூடிக் கேட்டார். "நல்லது. எதெல்லாம் வரக்கூடாதுன்னு புரிஞ்சுது" என்றார். பிறகு தாளை எடுத்துப் படித்தார். குரல் உண்மையிலேயே பொன்தான். அவர் படித்தபோது, காணாமல் போனவர் யாராக இருந்தாலும் நிதானமாகவே காணாமல் போயிருப்பார் என்று தோன்றியது.

பதிவைத் தரக்குழு கேட்டது. மூன்று பேர், சாய்வு நாற்காலிகள். கேட்டு முடிக்கும்போது ஒருவர் தூங்கியிருந்தார். மற்ற இருவரும் அவரைச் சுட்டிக்காட்டி, நெருடல் ஏதாவது இருந்திருந்தால் இவர் விழித்திருப்பார், ஆகவே தரம் சரியாக இருக்கிறது என்று முடிவு சொன்னார்கள்.

அன்று ஆறரை மணிக்கு மணியோசைக்குப் பின் அது வந்தது.

"வளர்ந்தோர்க்கு ஒரு வேண்டுகோள். மூத்த நேயர் ஒருவர் தம் இல்லம் நீங்கியுள்ளார். அவர்தம் மகள் அவரது மீள்வருகையை எதிர்நோக்குகின்றார். அன்னார் எங்கிருப்பினும் இல்லம் திரும்புதல் நன்று. காலமும் பொருளும் சிக்கனமாகச் செலவாகட்டும்."

"யாரைடி சொல்றாங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அக்கா.

"அப்பாவத்தான்க்கா."

"அப்படியா" என்றாள் அக்கா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சொல்லியிருக்காங்க" என்று சேர்த்துக்கொண்டாள். இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றும் மழை விடவில்லை. யாரும் வரவில்லை.

விடிந்ததும் அவள் நிலையத்துக்கு ஓடினாள். பின்சந்தில் நுழைய முடியவில்லை. சந்து முழுக்கக் கிழவர்கள். தடி ஊன்றியவர்கள், கம்பளி போர்த்தியவர்கள், ஒற்றைக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியவர்கள். சிலர் தலைவாரி, சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள்போல் வந்திருந்தார்கள். எல்லாரும் ஜன்னலை நோக்கி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்.

"எம் பொண்ணு என்னைத் தேடுதாமே."

"என்னைத்தான் சொன்னாங்க. நான் வீட்டை விட்டு வந்து ரெண்டு வருஷமாச்சு. அவ மறந்திருப்பான்னு நெனச்சேன்."

"தம்பி, எம் பொண்ணு வெளியூர்லேர்ந்து வந்திருக்காளா? எங்க உக்காந்திருக்கா?"

மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் யாரைப் பார்த்தாலும் அந்த முகம் மலர்ந்தது. பார்வையை நகர்த்தினால் வாடியது. இது அவளுக்குச் சித்திரவதையாக இருந்தது. ஒருவர் மட்டும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"எனக்குப் பொண்ணு கிடையாதும்மா" என்றார் அவளிடம். "கல்யாணமே ஆகல. இருந்தாலும் ஒருவேளைன்னு வந்தேன். தப்பா எடுத்துக்காதே."

அவள் அந்த மனிதரின் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டாள். பிறகு அடுத்த முகத்தைப் பார்க்கப் போனாள்.

சிறிது நேரத்தில் பின்வாசல் கதவே திறந்தது. அது திறக்கக்கூடியது என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. இயக்குநர் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பாத்தீங்களாம்மா? பேர் சொல்லியிருந்தா ஒருத்தர் வந்திருப்பார். பேர் சொல்லாததால இத்தனை பேர்!" என்றார். "இதுதான் ஒலிபரப்போட வலிமை. ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகப் பேசறது கடுதாசி. எல்லாருக்கும் பொருந்தற மாதிரிப் பேசறதுதான் வானொலி. இந்த வேண்டுகோளை இனிமே வாராவாரம் போடப்போறோம்."

"இதுல எங்க அப்பா இல்ல சார்."

"புள்ளிவிவரத்துல அப்படி ஒண்ணு ரெண்டு விடுபடும்."

கிழவர்களை உள்ளே அழைத்துப்போய்ப் பெரிய ஒலிப்பதிவு அறையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். வானொலிக்கு நன்றி தெரிவித்துக் கைதட்டச் சொன்னார்கள். நேயர்களின் கரவொலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் பல நிகழ்ச்சிகளுக்கு ஆகும். அவர்களும் தட்டினார்கள். தட்டி முடித்தால் மகளைக் காட்டுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். மகள் அறையின் மூலையில் நின்று, கடைசி வரிசையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முன்வாசல் காவல்காரர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். அவர் அந்தப் பகுதிக்கு வருவது வழக்கமே இல்லை. உள்ளே வர முடியாது; சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினார். பஸ் நிறுத்தம் என்று காற்றில் கூரை வரைந்தார். கிழவர் என்று முதுகை வளைத்தார். காதில் எதையோ ஒட்டி வைத்துக் காட்டினார். பிறகு கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார்.

பொன்குரல் உதட்டில் விரல் வைத்து அமைதி என்று சைகை செய்தார். மகள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கதவுச் சத்தம் பதிவில் விழுந்துவிட்டதால் கிழவர்கள் மறுபடி முதலிலிருந்து கைதட்ட வேண்டியதாயிற்று.

முன்வாசலுக்கு நேர் எதிரே ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. ஹாரன் சத்தம் ஒலிப்பதிவைக் கெடுக்கிறது என்று நிலையம் எழுதிப் போட்டதில் பஸ்கள் அங்கே நிற்பது நின்றுபோயிருந்தது. ஒழுகுகிற கூரையும் பெஞ்சும் ஒரு சுவரும் மட்டும் மிச்சம். கலைஞர்கள் வந்து குடிக்கிற டீக்கடை ஒன்று பக்கத்தில் இருந்தது.

அப்பா பெஞ்சின் ஓரத்தில், ஆஸ்பத்திரியில் தன் முறைக்காகக் காத்திருக்கிறவர்போல், உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தார். நல்ல சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். டிரான்சிஸ்டரை மட்டும் நனையாமல் மடியில் துண்டால் பொதிந்து வைத்திருந்தார். அது இன்னும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. மகள் அவர் கையைத் தொட்டாள். தொட்டதும் தெரிந்துவிட்டது.

டீக்கடைக்காரர் அவள் பக்கத்தில் வந்து தரையில் குந்தினார்.

"உங்க அப்பாவாம்மா? வந்ததுலேர்ந்து இங்கயேதான் இருந்தார். ஏதோ கருத்துச் சொல்லணும்னு வந்தாராம். கேட்டுல இருக்கறவர், 'உள்ளேர்ந்து கூப்பிடுவாங்க, கூப்பிட்டா வாங்க'ன்னு சொன்னாராம். அதோட உக்காந்துட்டார். நான் டீ குடுத்தேன், பன் குடுத்தேன். 'மழை பெய்யுது பெரியவரே, கடைக்குள்ளயாவது வாங்க'ன்னேன். 'கூப்பிடற நேரத்துல ஆள் இல்லன்னா முறை போயிடும்'னுட்டார். அசைய மாட்டேனுட்டார்."

முன்வாசல் காவல்காரர் தூரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் வழக்கமாச் சொல்றதுதாம்மா அது" என்றார். "எல்லாரும் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாங்க. இவர் போகல."

"நேத்து சாயங்காலம் ரேடியோவுல..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"கேட்டாரும்மா. நானும்தான் கேட்டேன்" என்றார் டீக்கடைக்காரர். "'பெரியவரே, உங்களையா இருக்குமோ'ன்னு கூடக் கேட்டேன். 'எம் பேரைச் சொல்லலயே'ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் அந்தப் பொண்ணப் பத்தியே பேசிட்டிருந்தார். 'பாவம், யார் பெத்த பொண்ணோ. அவ அப்பன் எங்க போய் உக்காந்திருக்கானோ. பொறுப்பில்லாத ஆளு'ன்னு திட்டினார். 'எனக்கு மட்டும் இங்க வேலை இல்லன்னா நானே அந்தப் பொண்ணுக்குத் தேடிக் குடுத்திருப்பேன்'னார்."

மகள் அப்பாவின் சட்டையில் மேல் பொத்தானைத் துளையிலிருந்து மெதுவாகக் கழற்றினாள். அந்தத் துளைக்கு நூல் கட்டியவள் அவள்தான். கழுத்தை இறுக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

இயக்குநர் வந்தார். மொழி அதிகாரியும் வந்தார். இருவரும் முன்வாசல் வழியாகவே வந்தார்கள். இயக்குநர் குனிந்து, உண்மையான வருத்தத்தோடுதான், "இன்னைக்கே போட்டுடலாம்மா" என்றார். "இதுக்குக் குழு வேண்டாம். பதிவு வேண்டாம். இரங்கல் மட்டும்தான் நாங்க நேரடியா வாசிக்கறது. முழுப்பேர் சொல்லுங்க."

மொழி அதிகாரி சிவப்புப் பென்சிலைப் பையில் வைத்துவிட்டுச் சாதாரணப் பேனாவை எடுத்தார். அவள் பெயரைச் சொன்னாள். அவர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. "அப்பான்னு போடலாமா சார்?" என்று அவள் கேட்டாள். "தாராளமா" என்றார் அவர்.

அன்று மாலை ரேடியோக்காரர் வீட்டு முன்கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். லாரி ஓட்டுகிற கணவனும் வந்து சேர்ந்திருந்தான். அப்பா நடுவில் கிடந்தார். யாரும் சொல்லாமலே பக்கத்து வீட்டு அக்கா அந்த டிரான்சிஸ்டருக்குப் புது பேட்டரி போட்டு, அவர் தலைமாட்டில் வைத்தாள்.

மணியோசை வந்தது. பிறகு பொன்குரல். ரேடியோக்காரரின் பெயர், அவருடைய அப்பா பெயர், தெரு, பார்த்த வேலை, எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. அவருக்கு அப்படியொரு பெயர் இருந்தது தெருவில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. அவ்வளவு அழகாக, அவ்வளவு நிறுத்தி, எழுத்துக்கு எழுத்து தெளிவாகப் பொன்குரல் அந்தப் பெயரைச் சொன்னார். ஒரு முறைக்கு இரு முறை சொன்னார்.

மகள் அப்பாவின் பக்கம் குனிந்தாள். காதோடு வாயை வைத்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல் தோளைத் தொட்டாள்.

"அப்பா, பேர் கூப்பிட்டுட்டாங்கப்பா" என்றாள். "எழுந்து வாங்க."